உட்காரு கரடி, உட்காரு!

குட்டீஸ், உங்கள் வீட்டில் கரடி பொம்மை இருக்கிறதா? இருந்தால் ஓடிப்போய் எடுத்து வாருங்கள். இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கொஞ்ச நேரம் இரவல் கேளுங்கள். தருவார்கள்.

எடுத்து வந்தாச்சா? இப்போது அதன் கையைத் தலைக்கு மேலே தூக்கி, விட்டுவிடுங்கள். என்ன ஆச்சு? பழைய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டதா? சரி, தலையைத் திருப்புங்கள். கழுத்துத் துணி முறுக்கிக்கொண்டு, நீங்கள் பிடியை விட்டதும் மறுபடி நேராகிவிடும். உட்கார்ந்தபடி தைத்த கரடி என்றால் இன்னும் கஷ்டம். படுக்க வைத்தாலும் அது காலை நீட்டாது. இரண்டு காலையும் ஆகாயத்தைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு கிடக்கும். பாவம்!

காரணம் எளிதுதான். அதற்கு மூட்டு இல்லை. கையையும் காலையும் உடம்போடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். கடைகளில் தொங்கும் கரடிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான்.

வீட்டில் நம் கையால் செய்கிற கரடிக்கோ மூட்டு வைக்கலாம். அப்புறம் பாருங்கள், அது சொன்னபடி கேட்கும். உட்காரும், காலை நீட்டிப் படுக்கும், ஒரு கையை மட்டும் தூக்கி டாட்டா காட்டும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் (நாம்தான் திருப்ப வேண்டும்!). எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் ஜெர்மனிக்குப் போய்வர வேண்டும். அங்கிருந்து கிளம்பும் இந்தக் கரடி, காரும் பைக்கும் செய்கிற நம்ம ஒரகடத்தில் வந்து இறங்கப் போகிறது.

நடக்க முடியாத அத்தை

ஜெர்மனியில் கீங்கன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே 1847-ல் பிறந்தவர் மார்கரெட் ஸ்டைஃப். ஒன்றரை வயதில் அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. இரண்டு கால்களும் செயலிழந்தன. வலது கையையும் நினைத்தபடி அசைக்க முடியாது. பிறகு வாழ்நாள் முழுக்கச் சக்கர நாற்காலிதான்.

அவருக்குத் தையல் கற்றுக்கொள்ள ஆசை. ஆனால் தையல் மிஷினின் சக்கரம் வலது கைப் பக்கம் அல்லவா இருக்கும்? மார்கரெட் என்ன செய்தார் தெரியுமா? மிஷினையே திருப்பிப் போட்டுக்கொண்டார். இடது கையால் சக்கரத்தைச் சுற்றித் தைத்தார்!

1880-ல் குண்டூசி குத்தி வைப்பதற்காக யானை உருவத்தில் ஒரு குட்டி மெத்தை தைத்தார். அதைப் பார்த்த குழந்தைகள் ஊசி குத்த விடுவார்களா? விளையாடத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்படித்தான் அவருடைய பொம்மைத் தொழில் ஆரம்பித்தது.

அவருடைய சகோதரர் மகன் ரிச்சர்ட். ஓவியம் படித்தவர். ஸ்டுட்கார்ட் நகரத்து மிருகக்காட்சி சாலைக்குப் போய் கரடிகள் நிற்பதையும் உட்காருவதையும் வரைந்து வரைந்து வைத்திருந்தார். அந்தப் படங்களை வைத்து 1902-ல் ஒரு கரடி பொம்மையை உருவாக்கினார். அதன் பெயர் '55 பிபி'. 55 என்பது சென்டிமீட்டர் கணக்கில் அதன் அளவு. அடுத்த எழுத்து, மெத்தென்ற 'பிளஷ்' துணியைக் குறிக்கும். கடைசி எழுத்துதான் நமக்கு முக்கியம். 'அசையக்கூடியது' என்று அர்த்தம் தரும் ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து அது.

1903-ல் லைப்சிக் நகரத்தில் பொம்மைச் சந்தை நடந்தது. அங்கே அமெரிக்க வியாபாரி ஒருவர் இந்தக் கரடியைப் பார்த்துவிட்டு ஒரேயடியாக 3,000 கரடிகளுக்கு ஆர்டர் கொடுத்தார்.

அந்த நேரம் அமெரிக்காவில் கரடிக்கு நல்ல மவுசு. அந்த நாட்டு ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1902 நவம்பரில் வேட்டைக்குப் போனபோது, கட்டிப் போட்டிருந்த ஒரு கரடியைச் சுட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பத்திரிகையில் அது கார்ட்டூனாக வந்தது. அவருடைய செல்லப் பெயர் டெடி. புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்த மோரிஸ் மிக்டமும் அவர் மனைவியும் ஒரு கரடி பொம்மை செய்து, அந்தப் பெயரை அதற்கு வைத்தார்கள். 'டெடி பேர்' வந்த கதை இதுதான். 1907-ல் மட்டும் மார்கரெட்டின் தொழிற்சாலையில் 9,74,000 கரடிகள் செய்தார்கள். தன் காலை அசைக்க முடியாத அத்தையின் தொழிற்சாலையிலிருந்து, காலை அசைக்கும் கரடிகள் லட்சக்கணக்கில் கிளம்பிப் போயின! இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஆனால் அந்த முதல் கரடிகளில் ஒன்றுகூட இன்று இருப்பதாகத் தெரியவில்லை. அவற்றின் கை கால்களை நூலால் கோத்திருந்தார்கள். நூல் தொய்ந்து போகும், அறுந்தும் போகும். அடுத்து உலோகக் கம்பி வைத்துப் பார்த்தார்கள். பிறகு 1905-ல் வட்டமான அட்டை வைக்கும் முறை வந்தது. அட்டை வட்டு மூட்டு! இன்றைக்கும் கையால் கரடி செய்கிறவர்கள் பெரும்பாலும் பின்பற்றுவது இந்த வழியைத்தான்.

அசையும் பொம்மை என்றால் வெளிநாட்டுச் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நம் பொம்மலாட்டப் பொம்மைகளுக்கு மரத்தில் தனித்தனியாகச் செதுக்கிப் பூட்டிய கை கால்கள் உண்டு. தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையை எடுத்துப் பாருங்கள். தலை தனி, உடம்பு தனி, பாவாடை தனி. ஒன்றின் மேல் ஒன்று முனையில் நிற்பதால்தான் லேசாகத் தொட்டாலே ஆடுகிறது.

வட்டு பத்து, போல்ட் ஐந்து

இனி நம்ம கரடி. தையல் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குத்தூசியும் ஸ்பேனரும் பிடிக்கிற வேலை இருக்கிறது.

ஒரு அடி உயரக் கரடி என்று வைத்துக்கொள்வோம். தலை, உடம்பு, இரண்டு கை, இரண்டு கால் எல்லாவற்றையும் தனித்தனிப் பைகளாகத் தைத்துத் திருப்பி வைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் பஞ்சு அடைக்கக் கூடாது. கழுத்து, கை, கால் என்று மூட்டு ஐந்து. ஒவ்வொரு மூட்டுக்கும் வட்டு இரண்டு. ஒன்று கைக்குள் இருக்கும், இன்னொன்று உடம்புக்குள் இருக்கும். ஆக, வட்டு பத்து வேண்டும்.

பழைய நோட்டுகளின் கெட்டி அட்டையை இரண்டு மூன்று அடுக்காகப் பசை போட்டு ஒட்டி, காயவைத்து, வட்டமாக வெட்டுங்கள். கைக்கு 3 சென்டிமீட்டர் அகலம் போதும். காலுக்கும் கழுத்துக்கும் 4 சென்டிமீட்டர். கைப்பைக்குள் இடிக்காமல் வட்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் நட்டநடுவில் ஒரு ஓட்டை. நடு தவறினால் கை நொண்டி நொண்டிச் சுற்றும்!

ஹார்டுவேர் கடையில் 25 மில்லிமீட்டர் நீளத்தில், மெல்லிய போல்ட் ஐந்து, நட் ஐந்து, வாஷர் பத்து வாங்குங்கள். அப்பாவோ அக்காவோ தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்கள் என்று அங்கிருந்து எடுத்து வரச் சொல்லிவிடாதீர்கள். கடையில் ஆகிற செலவு கொஞ்சம்தான்.

முதலில் கை. போல்ட்டில் வாஷர், அதன் மேல் வட்டு. அதைக் கைப்பைக்குள் விட்டு, உடம்பைப் பார்த்த பக்கத்தில் போல்ட் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும்படி செய்ய வேண்டும். அந்த ஓட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். வெட்டினால் துணி நாளடைவில் கிழிந்துகொண்டே போகும். குத்தூசியால் குத்தினால் இழைகள் விலகி வழிவிடும், அறுந்து போகாது. இன்னொரு விஷயம், வலது கைக்கு எந்தப் பக்கம் ஓட்டை, இடது கைக்கு எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் முன்பே குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கரடிக்கு இரண்டும் இடது கையாகிவிடும். சிரிக்காதீர்கள், கரடி செய்கிற பலருக்கும் முதல் தடவை இது நடக்கும்.

போல்ட் எட்டிப் பார்க்கிறதா? இப்போது பஞ்சை அடைத்துக் கைப்பையின் வாயைத் தைத்துவிடலாம். மெத்தை கட்டுகிற கடையில் கிடைக்கும் இலவம் பஞ்சே போதும். காலுக்கும் இதே மாதிரிதான். தலை மட்டும் கொஞ்சம் வேறு. முதலில் பஞ்சை அடைத்து, கழுத்தின் வாயில் வட்டை வைத்து, போல்ட் கீழே பார்த்தபடி இருக்க, சுருக்குப் பையைச் சுருக்குவதுபோல விளிம்பில் நூல் ஓட்டி இழுத்துக் கட்ட வேண்டும்.

உடம்பு கடைசி வரை காலியாகவே இருக்க வேண்டும். முதுகில் தைக்காமல் விட்ட வாய் வழியாகத்தான் நம் விரலும் ஸ்பேனரும் உள்ளே போகும். உடம்புத் துணியிலும் ஐந்து ஓட்டை குத்தி, ஒவ்வொரு போல்ட்டையும் உள்ளே நுழைத்து, உள்பக்கம் இரண்டாவது வட்டு, வாஷர், நட். முறுக்குங்கள். ஐந்தும் முடிந்த பிறகு உடம்புக்குப் பஞ்சு. பிறகு முதுகுத் தையல்.

எட்டு ஒன்பது வயதுக்காரர்களுக்கு இது பெரிய வேலையாகத் தெரிகிறதா? நூல் மூட்டு வைத்துப் பாருங்கள். இதற்கு எல்லாப் பைகளிலும் பஞ்சை அடைத்து முடித்திருக்க வேண்டும். இடது கைக்கு வெளியே ஒரு பட்டன், வலது கைக்கு வெளியே ஒரு பட்டன். நீளமான ஊசியில் தடித்த நூலைக் கோத்து, பட்டன், கை, உடம்பு, மறு கை, மறு பட்டன் என்று நாலைந்து முறை போய்வந்து, இழுத்து முடிச்சுப் போட்டால் முடிந்தது. காலுக்கும் அப்படியே. பெரிய கரடியானாலும் அரை மணி நேர வேலைதான். நூல் தொய்ந்தால் மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

என் கரடியின் கை கழன்ற கதை

நான் செய்த முதல் கரடியை என் அண்ணன் மகளுக்குக் கொடுத்தேன். வாங்கியதிலிருந்து அவள் அதன் கையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். நான்காம் நாள் கை தொளதொளவென்று தொங்கியது. ஒரு வாரத்தில் முதுகுத் தையலும் விட்டுப்போய், உள்ளேயிருந்து நட் தரையில் விழுந்தது. அவளுடைய ஒரு வயதுத் தம்பி தவழ்ந்து போய் அதை எடுத்துவிட்டான். வாய்க்குக் கொண்டுபோகும் முன் அண்ணி பார்த்துவிட்டார். இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் எனக்குப் படபடப்புதான்.

நான் செய்த தப்பு இரண்டு. கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு போல்ட் வைத்த கரடியைக் கொடுத்தது முதல் தப்பு. மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு மூட்டே இல்லாத கரடிதான் சரி. அதற்குப் பட்டன் கண்ணும் வேண்டாம், கறுப்பு நூலால் கண் தைத்துவிடுங்கள். கடையில் விற்கும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகிவிட்டது, சில கைவினைப் பொம்மைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. வீட்டில் செய்கிற கரடியைச் சோதித்து முத்திரை குத்த யாரும் வரமாட்டார்கள். கண், மூக்கு, தையல் எல்லாவற்றையும் நாமேதான் இழுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தப்பு, நான் போட்ட சாதா நட். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருந்தால் சாதா நட் மெல்ல மெல்லக் கழன்றுவிடும். இதற்கென்றே ஒரு நட் இருக்கிறது. உள்ளே வட்டமாக நைலான் வளையம் வைத்திருப்பார்கள். அது போல்ட்டின் மரையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். லேசில் கழலாது. கடையில் 'லாக் நட்' என்று கேளுங்கள்.

இதை நீங்கள் முன்பே பார்த்திருப்பீர்கள். ஓடும்போது வண்டி அதிர்ந்துகொண்டே இருக்கிறதல்லவா? அதனால் பைக்கிலும் காரிலும் பல இடங்களில் இந்த நட்டைத்தான் போடுகிறார்கள்.

ஒரகடத்துப் பொம்மைகள்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கிற இடம் ஒரகடம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் கார் ஆலை, 2012-ல் லாரி ஆலை, அடுத்த வருடமே பைக் ஆலை என்று வரிசையாக வந்தன. அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்குப் புதுக்கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீள லாரிகளைப் பார்த்துப் பார்த்து அலுத்தே போயிருக்கும்.

அதே ஒரகடத்தில் மத்திய அரசின் 'குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர்' இருக்கிறது. வாகனங்களைச் சோதிக்கிற இடம். காரை வேண்டுமென்றே மோத விட்டுப் பார்க்கிற கூடமும் அங்கே உண்டு. மோதுகிற காருக்குள் மனிதர்களை உட்கார வைக்க முடியுமா? பொம்மைகளைத்தான் உட்கார வைப்பார்கள்!

விளையாட்டுப் பொம்மை அல்ல, ஆள் உயரப் பொம்மை. இந்த வகையின் முதல் பொம்மையை 1949-ல் அமெரிக்க விமானப் படைக்காகச் செய்தார்கள். அதன் பெயர் 'சியரா சாம்'. இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிற 'ஹைப்ரிட் 3' 1976-ல் வந்தது. எடை ஏறக்குறைய 78 கிலோ. உலோக விலா எலும்பு, ரப்பர் கழுத்து, தலைக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் அடியை அளக்கும் கருவிகள். முகத்தில் வண்ணம் பூசிவிடுவார்கள். மோதிய பிறகு எந்த இடத்தில் வண்ணம் ஒட்டியிருக்கிறதோ, அங்கேதான் தலை இடித்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

சரி, இதற்கும் நம் கரடிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? மூட்டுதான்!

சோதனைக்கு முன்னால் அந்தப் பொம்மையின் தோள், முழங்கை, முழங்கால் என்று ஒவ்வொரு மூட்டையும் முறுக்கிச் சரிசெய்வார்கள். கையை நேராக நீட்டி வைத்தால் அது தன் எடையைத் தானே தாங்கி அப்படியே நிற்க வேண்டும். லேசாக ஒரு தட்டுத் தட்டினால் இறங்கிவிட வேண்டும். அதைவிட இறுக்கமும் கூடாது, தளர்வும் கூடாது. இந்த அளவுக்கு 'ஒரு ஜி' என்று பெயர். ஜி என்பது நம்மையெல்லாம் கீழே இழுக்கிற பூமியின் ஈர்ப்பைக் குறிக்கும்.

மூட்டு ரொம்ப இறுகிவிட்டால் பொம்மை மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு போய் இடிக்கும். மனித உடம்பு அப்படி இடிக்காது. ரொம்பத் தளர்ந்துவிட்டால் கையும் காலும் தாறுமாறாக வீசும். இரண்டிலுமே உள்ளே இருக்கிற கருவிகள் தப்பான கணக்கைச் சொல்லிவிடும். அந்தக் கணக்கை நம்பி சீட் பெல்ட்டும் காற்றுப் பையும் அமைத்தால் என்ன ஆகும்? நினைத்துப் பாருங்கள். ஒரு தோள்பட்டை நட் எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதில் யாரோ ஒருவரின் உயிர் இருக்கிறது.

இந்தப் பொம்மைகளில் குழந்தைகளும் உண்டு. கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் கொடுக்கிற 'பாரத் என்கேப்' திட்டம் 2023 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. அதில் ஒன்றரை வயதுக் குழந்தை அளவில் ஒரு பொம்மை, மூன்று வயதுக் குழந்தை அளவில் ஒரு பொம்மை என இரண்டையும் குழந்தைகளுக்கான சீட்டில் கட்டி உட்கார வைக்கிறார்கள். மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் கார் போய் முன்பக்கமாக மோதும். குழந்தைகளை யார் மடியிலும் வைப்பதில்லை, கவனித்தீர்களா? அந்த வேகத்தில் மோதும்போது அம்மா எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாலும் பிடி நிற்காது.

கரடிக்கும் ஒரு சோதனை

இப்போது நம் கரடியிடம் திரும்புவோம். நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும்? இந்தக் கேள்விக்கு நான் பார்த்த தையல் புத்தகம் எதுவும் எனக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஒரகடத்துப் பொம்மை சொல்கிறது!

உடம்பில் பஞ்சு அடைப்பதற்கு முன் கரடியை நிமிர்த்திப் பிடித்து, கையை நேராக நீட்டி விடுங்கள். அப்படியே நிற்கிறதா? போதாது. பஞ்சுக் கை ரொம்ப லேசு, அது எளிதில் நின்றுவிடும். அதனால் கரடியை ஒரு குலுக்குக் குலுக்குங்கள். கை இறங்கினால் நட்டை அரைச் சுற்று முறுக்குங்கள். மறுபடி குலுக்குங்கள். குலுக்கியும் நின்றால், சுண்டுவிரலால் தள்ளிப் பாருங்கள். விரலுக்கு அசைய வேண்டும். அசையவில்லை என்றால் முறுக்கியது அதிகம்.

சரியாக வந்த பிறகும் இன்னொரு கால் சுற்று முறுக்கி விடுங்கள். ஏன் என்றால், சோதனைப் பொம்மையின் மூட்டை அடுத்த சோதனைக்கு முன் மறுபடி சரிசெய்ய முடியும். நம் கரடிக்கு முதுகைத் தைத்துவிட்டால் பிறகு உள்ளே போக வழியில்லை. துணியும் பஞ்சும் நாளாக நாளாக அமுங்கி, மூட்டு தானாகவே கொஞ்சம் தளர்ந்துவிடும்.

கரடி அழுக்கானால் பக்கெட்டில் ஊறப் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பது நோட்டு அட்டை, கூழாகிவிடும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவையுங்கள். காயும் நேரத்தில் அது திண்ணையில் உட்கார்ந்திருக்கட்டும். இப்போதுதான் அதற்கு உட்காரத் தெரியுமே!